தொலைவிலிருந்து சுழலும் மோட்டார்

இஎஸ்பி32 என்னும் வைஃபை நுண்கட்டுப்படுத்திப் பலகையில் இணைத்த சிறு மோட்டாரை வெளியூரிலிருந்து இயக்க, வீட்டு ரவுட்டரில் போர்ட் திறக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. கட்டளைகளை வாங்கி உரிய கருவியிடம் சேர்க்கும் புரோக்கர் என்னும் இடைச் சேவையகத்தைப் பலகையே தேடிச்சென்று இணைவதுதான் எம்க்யூடிடி முறை. எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிப்பதற்காக 1999இல் உருவானதால், மெதுவான இணைப்பிலும் அது தடையின்றி இயங்கும். மின்னிணைப்பைப் பொறுத்தவரை, பலகையின் முனை தரக்கூடியது அதிகபட்சம் 40 மில்லியாம்பியரே ஆதலால், மோட்டாரை அதில் நேரடியாக இணைக்காமல், தனி மின்கலத்திலிருந்து மின்னோட்டம் தரும் டிஆர்வி8833 போன்ற டிரைவரை இடையில் வைத்து, பலகை, டிரைவர் இரண்டின் கிரவுண்டையும் ஒன்றாக இணைக்க வேண்டும். உண்மையான ஆபத்து, இணையம் அறுந்த பின்னும் மோட்டார் ஓடிக்கொண்டிருப்பதே; எனவே சில விநாடிகளுக்குள் புதிய கட்டளை வராவிடில் மோட்டாரை நிறுத்திவிடும் நிரல் பலகைக்குள்ளேயே இருப்பது இன்றியமையாதது.