மலத்தொட்டியைக் காலிசெய்வோர்க்குச் சில வார்த்தை

மலத்தொட்டியைப் பற்றி நாலு பேர் நடுவே பேசுவது அநாகரிகம் என்ற எண்ணம் நம் ஜனங்களிடையே ஊறிப் போயிருப்பதனால்தான், கலியாணத்துக்கும் கும்பாபிஷேகத்துக்கும் மாதக்கணக்கில் முன்னேற்பாடு செய்கிற குடும்பங்கள்கூட, கழிவறைத் தண்ணீர் இறங்க மறுத்துத் திரும்ப மேலேறி வரும் நாள் வரைக்கும், அந்தத் தொட்டி வீட்டின் எந்த மூலையில் புதைந்து கிடக்கிறது என்பதையே அறியாமல் இருந்துவிடுகின்றன. மலேசியாவில் கோலசிலாங்கூர் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் டிரஸ்ஸராக இருந்து, காலையில் மருந்து கொடுப்பதும் பிற்பகலில் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள்தோறும் போய்ச் சாக்கடையையும் கழிவறையையும் பார்வையிடுவதுமாகக் காலம் கழித்தவனாகையால் எனக்கு அந்தக் கூச்சம் விட்டுப்போய் வெகு காலமாயிற்று. கண்டவற்றில் பிறருக்குப் பிரயோஜனப்படக்கூடியவற்றை இங்கே சொல்கிறேன்.

என் சிறு பிராயத்தில் லயத்து வீடுகளுக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட வரிசைக் கழிவறைகளின் அடியில் வாளிகள் இருக்கும். பெரட்டு என்னும் காலைப் பெயர்க்கணக்குக்கு ஜனங்கள் எழுந்திருக்கும் முன்னரே, தோட்டி என்று எல்லோராலும் அழைக்கப்பட்ட ஒருவர் அவற்றைச் சுமந்து போய், காட்டோரத்துக் குழியில் கொட்டி மண்ணால் மூடிவிட்டு வருவார். ரப்பர் மரத்தில் பால் வெட்டத் தெரியாதவர் என்பதனாலன்று அந்த வேலை அவருக்கு வாய்த்தது. ஊரிலிருந்து அவர் கப்பலேறியபோது ஜாதியும் அவரோடு கூடவே கப்பலேறியதனால் வாய்த்தது. வாளி நிரம்பி வழிந்த இடங்களிலும், கழிவறையே இல்லாமல் ஜனங்கள் ரப்பர்க் காட்டில் ஒதுங்கிய இடங்களிலும், செருப்பில்லாத கால்களின் தோலைத் துளைத்துக்கொண்டு கொக்கிப்புழு உடம்புக்குள் ஏறும். முகம் வெளிறி, நாலு மரம் வெட்டுவதற்குள் மூச்சிரைத்து உட்கார்ந்துவிடும் பெண்களுக்கு மருந்து கொடுப்பதைக் காட்டிலும் அந்தக் கழிவறையைச் சீர்படுத்துவதே சிறந்த வைத்தியம் என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். 1966-ஆம் வருஷத்துத் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டமும், அதன் இடத்தில் பின்னர் வந்த 1990-ஆம் வருஷத்துச் சட்டமும் வீட்டோடு கழிவறையையும் முதலாளியின் பொறுப்பாக்கின. வாளி போய்த் தொட்டி வந்தது.

தொட்டியின் சூட்சுமம் எளிது. உள்ளே விழுவதில் கனமானது அடியில் சேறாகப் படிகிறது. எண்ணெயும் கொழுப்பும் மேலே ஆடையாக மிதக்கின்றன. நடுவிலுள்ள ஜலம் மாத்திரம் அடுத்த அறைக்குப் போய், அங்கிருந்து வெளியேறுகிறது. காற்றில்லாத இடத்தில் வாழும் கிருமிகள் சேற்றில் ஒரு பகுதியைத் தின்று கரைத்தாலும் மிச்சம் வருஷத்துக்கு வருஷம் உயர்ந்துகொண்டே வரும். அடிச்சேறும் மேலாடையும் சேர்ந்து தொட்டியின் மூன்றில் ஒரு பங்கை எட்டும்போது, உறிஞ்சும் லாரியை அழைத்து எடுத்துவிட வேண்டும். சாமான்யக் குடும்பமொன்றுக்கு இது இரண்டு அல்லது மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வரும். கோழியைக் கொன்று உள்ளே போட்டால்தான் கிருமி பிடிக்கும் என்றும், ஈஸ்ட் மாவைக் கொட்டினால் லாரியே வேண்டாம் என்றும் சொல்வாருண்டு. இரண்டையும் நம்ப வேண்டாம். வேண்டிய கிருமிகளை நாமே தினந்தோறும் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறோம்.

முதல் உபத்திரவம் பெரும்பாலும் மூடியைத் தேடுவதில் ஆரம்பிக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புப் பகுதிகளாக மாறியும் போன காலத்தில், புக்கிட் ரோத்தானிலும் ஈஜோக்கிலும் பத்தாங் பெர்ஜுந்தையிலும் சொந்த வீடு கண்ட நம்மவர்கள், கார் நிறுத்த முன்புறத்தைச் சிமெண்டு பூசி, அதன்மேல் பளபளக்கும் ஓடு பதித்து, அடியில் தொட்டி இருப்பதையே மறந்துவிட்டார்கள். தீபாவளிக்கு முந்தின வாரம், விருந்தினர் வந்திறங்கிய பிற்பாடு, கடப்பாரையால் புது ஓட்டை உடைத்து மூடி தேடிய ஒரு வீட்டை நான் அறிவேன். முதலில் உடைத்த இடத்தில் மூடி இல்லை, இரண்டாவது இடத்திலும் இல்லை. ஆகையால் வீட்டின் சுவரிலிருந்து இத்தனை அடி, வேலியிலிருந்து இத்தனை அடி என்று அளந்து, ஒரு காகிதத்தில் படம் வரைந்து வீட்டுப் பத்திரத்தோடு வைத்துக்கொள்வது உத்தமம். தொட்டிக்கு அறை இரண்டானால் மூடியும் இரண்டு என்பதை மறக்கலாகாது. ஒன்றை மட்டும் திறந்து காட்டினால் ஒன்றைத்தான் எடுத்துப் போவார்கள்.

அடுத்தது நாள் பார்ப்பது. கோலசிலாங்கூரிலிருந்து தஞ்சோங் காராங் வரைக்கும் கரையோரம் முழுவதும் களிமண்ணும் கறுத்த சதுப்பு மண்ணுமான தாழ்நிலம். கரை எழுப்பி, வாய்க்கால் வெட்டி, கடல் ஏறும்போது அடைத்து வடியும்போது திறக்கும் மதகுகளை வைத்துத்தான் இங்கே ரப்பரும் தென்னையும் செம்பனையும் நெல்லும் விளைந்தன. மழைக்காலத்தில் இரண்டு முழம் தோண்டினாலே தண்ணீர் காணும் இடங்கள் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில், நவம்பர் மழையின் நடுவே, கண்ணாடியிழைத் தொட்டி ஒன்றை வீட்டுக்காரரின் வற்புறுத்தலின்பேரில் அடி தெரியத் துடைத்தெடுத்துவிட்டுப் போனார்கள். விடிந்து பார்த்தால், சுற்றிலுமிருந்த நிலத்தடி நீர் அந்த வெறுந்தொட்டியை ஓடத்தைப் போல மேலே தூக்கி, சிமெண்டுத் தளத்தைப் பிளந்து, கழிவறைக் குழாயையும் முறித்துவிட்டிருந்தது. காலிசெய்வதற்கு மழை குறைந்த ஜூன், ஜூலை மாதங்களே சிலாக்கியம். எந்த மாதமானாலும் லாரி வாசலை விட்டு அகலும் முன்னரே ரப்பர்க் குழாயைப் போட்டுத் தொட்டியில் நல்ல தண்ணீரை நிரப்பிவிட வேண்டும். காசு கொடுத்தோமே, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் எடுக்கட்டும் என்ற பேராசை இங்கே கூடாது.

ஆனால் மேல்தண்ணீரை மாத்திரம் உறிஞ்சிக்கொண்டு, கெட்டிப்பட்ட அடிச்சேற்றை அப்படியே விட்டுப் போவதும் நடப்பதுண்டு. இதைக் கண்டுபிடிக்க, நீண்ட மூங்கிற் கழியின் கீழ்ப்பாதியில் வெள்ளைத் துணியைச் சுற்றி, அடி தட்டும் வரை மெதுவாக இறக்கி, சிறிது நேரம் பொறுத்து எடுத்துப் பாருங்கள். சேறு எவ்வளவு உயரமோ அவ்வளவுக்குத் துணி கறுத்து வரும், அதற்கு மேலே கலங்கல் தண்ணீரின் சாயம் மட்டும் இருக்கும். வேலைக்கு முன்னும் பின்னும் இரண்டு முறை பார்த்துவிட்டால் வாக்குவாதத்துக்கு இடமில்லை.

லாரியின் பாரத்தையும் யோசிக்க வேண்டும். வரும்போது வெறுங்கூடாக வரும் வண்டி, போகும்போது பல டன் சுமையோடு போகிறது. உள்ளே வருகையில் தாங்கிய சாக்கடைப் பலகை, திரும்புகையில் மளுக்கென்று முறிந்து, பின்சக்கரம் வாய்க்காலில் இறங்கி, டிராக்டர் வரும் வரைக்கும் தெரு முழுவதும் மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்த வைபவமும் என் கண்ணெதிரே நடந்ததுதான். குழாய் நீளமாயிருந்தால் லாரி கெட்டியான சாலையிலேயே நிற்கட்டும்.

குழாய் அடைத்துக்கொண்டால் வேலையாட்களுக்கு ஆபத்து. உறிஞ்சும் விசையைத் திருப்பி, காற்றை எதிராக ஊதி அடைப்பை நீக்கப் பார்ப்பார்கள். அப்பொழுது இணைப்பு வளையம் தளர்ந்திருந்தால் குழாய் கழன்று துள்ளி, எதிரே நிற்பவர் யாவரையும் அபிஷேகம் செய்துவிடும். பிள்ளைகளையும் வேடிக்கை பார்ப்பவர்களையும் காற்று வரும் திசையில் தள்ளி நிறுத்துங்கள். அடைப்பதும் பெரும்பாலும் நாம் போட்ட சாமான்தான்: குழந்தையின் அணையாடை, மாதவிலக்குத் துணி, தேங்காய் நார். சமையல் எண்ணெயைக் கொட்டுவதும் தவறு. அது மேலே கட்டியாக உறைந்து வழியை மூடிவிடும்.

ஒரு சமயம் அப்படித் துணி சிக்கிக்கொண்டபோது, லாரியோடு வந்த இளைஞன் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "அய்யா, ஏணி இருக்குங்களா? இறங்குனா அஞ்சு நிமிஷத்துல எடுத்துருவேன்," என்றான். "தம்பி, துணி கிடந்தால் கிடக்கட்டும், நீ மேலேயே நில்லு," என்று தடுத்து, நீளமான இரும்புக் குழாயின் முனையை வளைத்துக் கொக்கியாக்கிக் கொடுத்தோம். அரை மணிப் பொழுது ஆயிற்று, துணி வந்தது. தொட்டிக்குள் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு, கொஞ்சமாயிருக்கையில் அழுகிய முட்டை நாற்றத்தால் எச்சரிக்கிறது. மிகுதியாகும்போது மோப்பசக்தியையே மரத்துப்போகச் செய்துவிடுவதனால், நாற்றமில்லை என்று இறங்கியவர் அப்படியே சாய்கிறார், அவரைத் தூக்க இறங்கியவரும் சாய்கிறார். மீத்தேனும் அங்கே உண்டாகையால் மூடியருகே சிகரெட்டும் ஆகாது. இந்தியாவில் 2013-இல் மனிதரை இப்படித் தொட்டிக்குள் இறக்குவதைத் தடுக்கச் சட்டம் வந்தும், இவ்விதம் மாண்டவரின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டுமென்று 2014-இல் உச்ச நீதிமன்றம் விதித்தும், 2023-இல் அதை முப்பது லட்சமாக உயர்த்தியும், தமிழ்நாட்டிலிருந்து அத்தகைய மரணச் செய்திகள் நின்றபாடில்லை. யார் கேட்டாலும், எத்தனை அவசரமானாலும், ஏணியைக் கொடுக்காதீர்கள்.

எடுத்த கழிவு எங்கே போகிறது என்று கேட்பதும் வீட்டுக்காரரின் கடமையே. 1993-ஆம் வருஷத்துக் கழிவுநீர்ச் சேவைச் சட்டத்துக்குப் பின் இண்டா வாட்டர் நிறுவனம் மலேசியாவில் பெரும்பாலான இடங்களில் இப்பணியை ஏற்றது. 2006-ஆம் வருஷத்துத் தண்ணீர்ச் சேவைத் தொழில் சட்டத்தின்கீழ் இப்பணிக்கு அனுமதி பெற்றவர்களையே அழைக்க வேண்டும். மலிவாய்க் கிடைக்கிறான் என்று அனுமதியில்லாதவனை அழைத்தால், அவன் இரவோடிரவாகச் செம்பனைக் காட்டு வாய்க்காலில் திறந்துவிட்டுப் போய்விடுவான். அந்த வாய்க்கால் சேருமிடம் சிலாங்கூர் ஆறு. கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீரில் பெரும்பகுதி இறைக்கப்படுவதும், கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் வாழ்வதும் அதே ஆற்றில்தான். ஆகவே ரசீதில், கழிவு இறக்கப்படும் சுத்திகரிப்பு நிலையத்தின் பெயரையும் எழுதித் தரும்படி கேளுங்கள்.

இப்பொழுது வீட்டையே சக்கரத்தின்மேல் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்களும் நம்மிடையே தோன்றியிருக்கிறார்கள். அவர்களுடைய சின்னஞ்சிறு தொட்டிக்கும் தர்மம் இதுவே: அடைப்பானைத் திறந்தே வைத்திருந்தால் நீர் ஓடிவிட்டுக் கெட்டியானது குவிந்துவிடும், ஆதலால் ஓரளவு நிரம்பும்வரை மூடிவைத்து, மலநீரை முதலிலும் குளித்த தண்ணீரைப் பின்னும் விட்டால் குழாய் தானாகவே கழுவப்படும்.

எல்லாம் முடிந்த பிற்பாடு, மூடியின் ஓரங்களைச் சிமெண்டுக் கலவையால் அடைத்து, காற்றுக்குழாயின் உச்சியில் மெல்லிய கம்பிவலை கட்டிவிடுங்கள். கியூலெக்ஸ் கொசு முட்டையிடத் தேடும் இடம் அதுதான். வந்தவர்களுக்கு முதலில் சோப்பும் தண்ணீரும், அதன் பின் தேநீரும், மற்ற விருந்தினருக்குக் கொடுக்கும் அதே குவளையில் கொடுங்கள். அன்றைய தேதியைத் தொட்டியின் படத்துக்கு அடியில் குறித்து, அடுத்த முறை எப்போதென்பதையும் எழுதிவிட்டால் காரியம் பூர்த்தியாகும். தொட்டியைக் காலிசெய்வது லாரிக்காரர் பாடு. அதன் மூடியையும் நீர்மட்டத்தையும் அறிந்து வைத்திருந்து, ஒரு மனிதரும் அதற்குள் இறங்க நேராதபடி பார்த்துக்கொள்வது வீட்டுக்காரர் பாடு.