அக்கராயனில் படம் கீறத் தொடங்கும் பிள்ளையளுக்கு

1. வர்ணம் வாங்க யாழ்ப்பாணத்துக்கு ஆள் அனுப்ப முன்னம், ஊருக்குப் பேர் தந்த அக்கராயன் அரசனின் கதையை அம்மம்மாவிடம் கேளுங்கோ. பிறகு குளக்கட்டில் வலை காயப்போடுகிறவரிடமும் கேளுங்கோ. இரண்டு பேரும் ஒரே மாதிரிச் சொல்லமாட்டினம். எங்கே முரண்படுகுதோ, அதைக் கொப்பியில் குறித்து வையுங்கோ. கீற வேண்டியது அங்கேதான் கிடக்கு.

2. கண்ணகியைக் கீறச் சொன்னால் எல்லோரும் சிலம்பையும் எரிகிற மதுரையையும்தான் கீறுகிறீர்கள். அது கலண்டரிலேயே இருக்கு. வன்னியில் அவள் கதை வேறு. மதுரையை எரித்தபின் கிழவியாக நந்திக்கடல் ஓரம் வந்து, மாடு மேய்த்த பொடியன்களிடம் பசிக்கிறது என்றாள். பிறகு விளக்கேற்றச் சொன்னாள், எண்ணெய் இல்லை என்றார்கள். கடல்தண்ணியை விட்டு ஏற்றச் சொன்னாள், எரிந்தது. தலை கடிக்குது, பாருங்கோ என்றாள். பேன் பார்க்க மயிரை விலக்கிய பொடியன்கள் கண்டது தலை முழுக்கக் கண்கள். வற்றாப்பளைக் கண்ணகி கோயிலில் இன்றைக்கும் வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில்தான் விளக்கு எரிகிறது என்று சொல்லுவினம்.

இதில் எந்தக் கணத்தைப் பிடிப்பீர்கள்? என்னைக் கேட்டால், மாட்டுச்சாணம் காய்ந்த சின்ன விரல்கள் நரைமயிரை வகிர, முதல் கண் திறக்கிற கணம். பொடியனின் முகம்கூடத் தேவையில்லை, விரல்கள் காணும். வற்றாப்பளைக்குப் போய்வந்த எந்தத் தாயும் அந்தப் படத்துக்கு முன்னால் நின்று, தன் பிள்ளைக்கு மிச்சக் கதையைச் சொல்லத் தொடங்குவாள். உங்கள் படத்தை ஊருக்குள் கொண்டுபோகப்போவது அந்த வாய்தான். அதைவிடப் பெரிய விளம்பரம் எனக்குத் தெரியாது.

3. குமுழமுனையில் யானையை அடக்கிய அரியாத்தையின் கதை ஒப்பாரியாக வந்திருக்கிறது. ஒப்பாரி சாவில் நின்று பின்னால் பார்க்கிற பாட்டு. அதனால் அவளைக் கீறினால் யானையைப் பெரிதாக்காதேங்கோ.

4. மத்திய பிரதேசத்துப் பட்டன்கர் கிராமத்தில் ஜன்கர் சிங் ஷ்யாம் என்றொரு பொடியன் இருந்தான். கோண்டு மக்களுக்குப் பானா என்ற நரம்பு வாத்தியத்தை வாசித்துக் குலக்கதை பாடுகிற பர்தான் சமூகம் அவனுடையது. 1980களின் தொடக்கத்தில் ஓவியர் ஜெ. சுவாமிநாதனின் ஆட்கள் அவன் சுவரில் கீறியதைக் கண்டு போபாலின் பாரத் பவனுக்கு அழைத்துப்போனார்கள். பாட்டில் மட்டும் இருந்த தெய்வங்களுக்கு அவன் உருவம் கொடுத்தான். 1989இல் அவன் படங்கள் பாரிஸ் கண்காட்சியில் இருந்தன. ஒவ்வொரு தெய்வத்துக்குப் பின்னாலும் ஒரு பரம்பரையின் பாட்டு இருந்தது. உங்களுக்குப் பின்னாலும் கோவலன் கூத்து இருக்கு, அண்ணாவிமாரிடம் போங்கோ.

5. படத்தைத் தொங்கவிட்டுப் பேசாமல் நிற்காதேங்கோ. வங்காளத்துப் பட்டுவாக்கள் படச்சுருளை விரித்து, விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுப் பாடுவார்கள். 2004 சுனாமியையும் அப்படிப் பாடினார்கள். நீங்களும் சனசமூக நிலையத்திலும் கோயில் வீதியிலும் விரித்துச் சொல்லுங்கோ. அதையே போனில் பிடித்துப் போட்டால் கனடாவில் இருக்கிற பெரியம்மாவும் பார்ப்பா. கொழும்புக் கலரி பிறகு வரட்டும்.

6. இதை நிதானமாக வாசியுங்கோ. 2009 இறுதிப் போரைக் கீறத்தான் உங்களில் கனபேருக்கு விருப்பம். கீறத்தான் வேணும். ஆனால் தறப்பாளுக்குள் பிள்ளையைப் பறிகொடுத்தவளின் கதை அவளுடையது. ஓவியர் தா. சனாதனன் 2011இல் ‘முடிவுறாத தோம்பு’ என்ற நூலைச் செய்தபோது, இடம்பெயர்ந்த சனங்களையே விட்டுப்போன வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து கீறச் சொன்னார். அவருடைய கோடு அதற்குப் பிறகுதான் வந்தது. அந்த ஒழுங்கை மாற்றாதேங்கோ. எதைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்று கேளுங்கோ. வேண்டாம் என்றால் கொப்பியை மூடிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வாருங்கோ. எவ்வளவு நல்ல படமாக வரும் என்று தெரிந்தாலும் கீறாதேங்கோ.

7. படத்தின் பின்பக்கம் கதை சொன்னவர் பேரையும் ஊரையும், அவர் சம்மதித்தால், பென்சிலால் எழுதுங்கோ. விற்றால் அவருக்கொரு பங்கு கொண்டுபோய்க் கொடுங்கோ. கண்காட்சியில் முன்வரிசையில் இருத்துங்கோ. “இப்படியில்லை மோனை” என்று பிழை பிடித்தால், அதே படத்தைத் திருத்தவேண்டாம். அவர் சொல்கிற மாதிரி இன்னொன்று கீறி, இரண்டையும் பக்கத்தில் மாட்டுங்கோ.