தொழிற்சாலை எங்கே நிற்கும், எங்கே வளரும்?



அண்மையில் ஒரு தோட்டத்து மாதர் கூட்டத்துக்குப் போயிருந்தேன். கூட்டம் முடியும் நேரம் ஓர் அம்மா எழும்பிக் கேட்டார்: "ஐயா, எங்க பெக்டரிய மூடிட்டாங்க. கொழுந்து இப்ப லொறியில பக்கத்துத் தோட்டத்துக்குப் போகுது. நாளைக்குக் கொழும்புக்கே கொண்டு போயிட்டா நாங்க என்ன செய்யிறது?"

"கொழுந்து கொழும்புக்குப் போகாது, அம்மா. ஆனா பெக்டரி மூடாதுன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றேன். அதற்கான காரணத்தை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

1. எடையும் பழுதும்

100 கிலோ பச்சைக் கொழுந்தில் இருந்து ஏறக்குறைய 22 கிலோ தேயிலைதான் கிடைக்கும். மீதி பெரும்பாலும் தண்ணீர். வாட்டும்போதும் அடுப்பில் காயும்போதும் அது போய்விடுகிறது. அந்தத் தண்ணீரை லொறிக் கூலி கொடுத்து யார் கொழும்புக்கு ஏற்றுவார்கள்?

இன்னொன்று, கொழுந்து காத்திருக்காது. சாக்கில் அமுக்கி வைத்தால் சூடேறிச் சிவந்து போகும். பிறகு நல்ல தேயிலை வராது.

1867இல் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலர், முதலில் தன் பங்களா விறாந்தையிலேயே கொழுந்தைக் கையால் உருட்டினார். கொழுந்து இருக்கும் இடத்திலேயே தேயிலை செய்யும் வழக்கம் அன்றே தொடங்கிவிட்டது. கரும்புக்கும் இதே கதைதான். வெட்டிய கரும்பு வைக்க வைக்க இனிப்புக் குறையும். அதனால்தான் பெல்வத்தை, செவனகலை சீனி ஆலைகள் கரும்புத் தோட்டங்களுக்குப் பக்கத்தில் இருக்கின்றன.

2. துறைமுகமும் சந்தையும்

கோதுமை நம் நாட்டில் விளைவதில்லை, கப்பலில் வருகிறது. ஆகவே பெரிய மாவு ஆலை திருகோணமலைத் துறைமுகத்தில் நிற்கிறது. பாண் ஒரு நாளில் காய்ந்து போகும். அதனால் பேக்கரி சனம் இருக்கும் இடத்தில் நிற்கிறது.

தேயிலையைப் பைக்கற்றில் போடும் வேலை ஏன் நம் மலையில் அதிகம் இல்லை? காய்ந்த தேயிலை சீக்கிரம் பழுதாகாது, அதன் எடையும் குறையாது. 1883இல் இருந்து கொழும்பில் தேயிலை ஏல விற்பனை நடக்கிறது. அங்கே பல தோட்டத்துத் தேயிலையை வாங்கிக் கலந்து, பெட்டியில் அடைத்துக் கப்பலில் ஏற்றுகிறார்கள். ஆகவே அந்த வேலை துறைமுகத்துப் பக்கமே வளர்ந்தது.

3. வளர்வதும் மூடுவதும்

ரோலர் பாதி நிறைந்தாலும் முழுதாக நிறைந்தாலும் கரண்ட், விறகு, ஆள் செலவு பெரிதாகக் குறையாது. கிழட்டுச் செடியைப் பிடுங்கி மறுநடுகை செய்யாவிட்டால், வெற்றிடத்தில் கன்று வைக்காவிட்டால், கொழுந்து குறையும். பிறகு இரண்டு தோட்டத்துக் கொழுந்தை ஒரே தொழிற்சாலையில் சேர்ப்பார்கள். அந்த அம்மாவின் தோட்டத்தில் நடந்ததும் இதுதான்.

இரத்தினபுரி, காலி, மாத்தறைப் பக்கம் பாருங்கள். அங்கே சொந்தத் தோட்டமே இல்லாத தொழிற்சாலைகள் சிறு தோட்டக்காரரிடம் கொழுந்து வாங்கி ஓடுகின்றன. நாட்டின் தேயிலையில் பெரும்பங்கு இன்று சிறு தோட்டங்களில் இருந்தே வருகிறது. கொழுந்து பெருகிய இடத்தில் தொழிற்சாலையும் பெருகியது.

4. நாம் செய்யக் கூடியது

கன்று வைப்பது நிர்வாகத்தின் பொறுப்பு. ஆனால் "இந்த வருசம் எந்த மலையில் மறுநடுகை?" என்று தலைவர்மார் பேச்சுவார்த்தையில் கேட்க வேண்டும். சம்பளத்தைப் போல இதுவும் நம் சோற்றுப் பிரச்சினைதான். கொழுந்தைச் சாக்கில் அமுக்காமல், வெயிலில் போடாமல் மடுவத்துக்குக் கொண்டு வருவது நம் கையில் இருக்கிறது.

மாடு வளர்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாலும் கொழுந்தைப் போலத்தான், காத்திருக்காது. ஒரு வீட்டு இரண்டு போத்தல் பாலுக்காக லொறி மலையேறாது. பத்து வீட்டுப் பால் தினமும் ஒரே இடத்தில் சேர்ந்தால், வந்து எடுக்கச் சொல்லிக் கேட்க நமக்கும் வாய் இருக்கும்.

லயத்தில் கூடிப் பேச மூன்று கேள்விகள்:

அ. நம் தோட்டத்தில் கொழுந்து கூடுகிறதா, குறைகிறதா?
ஆ. வெற்றிடமாகக் கிடக்கும் மலைகள் எவை?
இ. நம் பகுதியில் தினமும் எத்தனை போத்தல் பால் சேரும்?

விடைகளை எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். நிர்வாகத்திடம் பேசப் போகும்போது இந்தக் கணக்கு நம் கையில் இருக்க வேண்டும்.