பால்மடி உருவாவதில் விழுங்கணுக்களின் பங்கு

சித்தூர், திருப்பதி ஆகிய இரு மாவட்டங்களிலும் பசு வளர்ப்பு, மழை பொய்த்த ஆண்டிலும் குடியானவர்க்குக் கைகொடுக்கும் தொழிலாகும். கிடாரி ஈன்றபின் எத்தனை படி பால் கறக்கும் என்று அனைவரும் கேட்கின்றனர். அதன் மடி எப்பொழுது, எவ்வாறு உருப்பெறுகிறது என்று கேட்போர் சிலரே. திருப்பதியில் 1955ஆம் ஆண்டு முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி நடைபெற்று வருகிறது. பலமநேர் ஆராய்ச்சி நிலையத்தில் குட்டை இனமான புங்கனூர்ப் பசு பேணப்படுகிறது. இத்தகைய பகுதியில் பணியாற்றும் ஊழியரும் ஆசிரியரும் இவ்வினாவின் விடையை அறிந்திருத்தல் நலம்.

விழுங்கணு என்பது யாது?

1882ஆம் ஆண்டில் இலியா மெச்னிக்கோவ் என்னும் ருஷ்ய அறிஞர், சிசிலித் தீவின் மெசினா நகரில், நட்சத்திர மீனின் இளவுயிரிக்குள் ரோஜா முள்ளைச் செருகிப் பார்த்தார். மறுநாள் அம்முள்ளைச் சுற்றி நகரும் அணுக்கள் திரண்டிருந்தன. அயற்பொருளை விழுங்கும் இவ்வணுக்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1908ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்றார். பால் எர்லிக் அப்பரிசைப் பகிர்ந்துகொண்டார். உடலின் திசுக்களில் தங்கி வாழும் பெரிய விழுங்கணுக்களே ‘மாக்ரோபேஜ்’ எனப்படுவன. இவை கிருமிகளைக் கொல்லும் காவலர் என்று மட்டுமே நெடுங்காலம் கருதப்பட்டன. ஆனால், நோயற்ற உடலிலும் இவற்றுக்கு வேலை உண்டு. திசுக்களைக் கட்டுவதிலும் இவை துணைபுரிகின்றன.

ஏற்பியும் செய்தியும்

விழுங்கணுக்கள் வாழ்வதற்கும் பெருகுவதற்கும் சி.எஸ்.எப்.-1 என்னும் வளர்ச்சிக் காரணி வேண்டும். இதனை உணரும் ஏற்பி, அணுவின் மேலுறையை ஊடுருவி நிற்கும் ஒரு புரதம். அதன் ஒரு முனை வெளியிலும், மறு முனை உள்ளேயும் உள்ளது. வளர்ச்சிக் காரணி வெளி முனையில் பொருந்தியவுடன் இரண்டு ஏற்பிகள் இணைகின்றன. உள் முனையிலுள்ள டைரோசின் என்னும் அமினோ அமிலத்தின்மீது பாஸ்பேட்டு ஏற்றப்படுகிறது. அதனைக் கண்ட பிற புரதங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தூண்டப்பட்டு, செய்தி உட்கருவை எட்டுகிறது. அச்செய்தியின் பொருள் ‘வாழ்க, பெருகுக, நகர்க’ என்பதாகும். காரணி கிடைக்காவிடில் அவ்வணு மடிந்துவிடும்.

சுண்டெலி கற்பித்த பாடம்

பிறவியிலேயே இக்காரணி குன்றிய சுண்டெலி வகை ஒன்று உண்டு. அதன் பற்கள் முளைப்பதில்லை. எலும்புகள் குடைவின்றிக் கெட்டித்துப் போகின்றன. எலும்பை அரித்துச் சீரமைக்கும் அணுக்களும் இதே ஏற்பியை நம்பி வாழ்வனவாதலே இதற்குக் காரணம். இக்குறைபாடு சி.எஸ்.எப்.-1 மரபணுவில் உள்ளது என்று 1990ஆம் ஆண்டு அறியப்பட்டது.

1994ஆம் ஆண்டில் பொல்லார்டு, ஹென்னிக்ஹாசன் என்னும் ஆய்வாளர் இவ்வெலிகளின் பால் சுரப்பியை ஆராய்ந்தனர். சினைக்காலத்தில் பால்நாளங்கள் போதிய அளவு கிளைக்கவில்லை; குட்டிகளுக்கு வேண்டிய பால் சுரக்கவுமில்லை. பருவமடையும் காலத்திலும் விழுங்கணுக்கள் வளரும் நாளத்தின் நுனியருகே கூடி, அதன் நீட்சிக்குத் துணைபுரிகின்றன என்பது 2000ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியால் விளங்கிற்று.

அவை அங்கே செய்வது யாது? ஏரிக் கால்வாயைத் தூர் வாரிக் கரை கட்டும் ஆளை நினைத்துக்கொள்க. விழுங்கணுக்கள் மடிந்த அணுக்களை அகற்றுகின்றன. நாளத்தைச் சுற்றிக் கொல்லாஜன் நார்கள் ஒழுங்குற அமைய உதவுகின்றன. அவ்வாறு அமைந்த வழியில் நாளம் முன்னேறுகிறது.

கிடாரிக் கன்றும் நாமும்

எலியிற் கண்டதனைத்தையும் பசுவின்மேல் அப்படியே ஏற்றலாகாது. ஆயினும் கன்றின் வளரும் மடியிலும் விழுங்கணுக்கள் காணப்படுகின்றன. மேலும், பிறந்து ஏறத்தாழ மூன்று மாதம் முதல் பருவமடையும் வரை, கிடாரியின் பால்திசு உடலைவிட வேகமாக வளருகிறது. பால் கறக்கும் மடிக்கு அடித்தளம் இடப்படுவது இக்காலத்திலேயாம்.

எனவே களப்பணியாளர் குடியானவர்க்குக் கூறத்தக்கவை சில உண்டு. கன்று பிறந்தவுடன், முதல் சில மணி நேரத்திற்குள், சீம்பால் ஊட்டப்பட வேண்டும். கிடாரிதானே என்று அதனை அரைவயிற்றில் விடலாகாது. விட்டால் பருவமடைதல் தாமதப்படும். மாறாக, பருவமடையுமுன் அடர்தீவனத்தை மிகையாக அளித்துக் கொழுக்க வைத்தலும் தீது. மடியில் கொழுப்பு சேர்ந்து பால்திசு குறைதல் பல ஆராய்ச்சிகளில் காணப்பட்டுள்ளது. பசும்புல்லும் தாது உப்பும் அளவான தீவனமும் போதிய நீரும் சேர்ந்த சீரான வளர்ச்சியே வேண்டுவது. இளமையில் தவறிய மடியை, ஈன்றபின் இடும் புண்ணாக்கு முழுதும் ஈடு செய்யாது.

வகுப்பிற்கான வினாக்கள்

1. விழுங்கணுவைக் காவலர் என்று மட்டும் கூறுதல் ஏன் போதாது?

2. ஏற்பி அணுவின் மேலுறையை ஊடுருவி நிற்பதன் பயன் யாது?

3. ஒரே காரணியின் குறைவால் பல்லும் எலும்பும் பால் சுரப்பியும் பாதிக்கப்படுவது எங்ஙனம்?

4. உங்கள் ஊரில் கிடாரிக் கன்றுகளுக்கு மாதவாரியாக என்ன தீவனம் அளிக்கப்படுகிறது என்று விசாரித்து அட்டவணை இடுக. மூன்றாம் மாதத்திற்குப் பின் தீவனம் குறைகிறதா என்பதைக் குறிப்பாக நோக்குக.