ஓர் எழுத்து மாறினால்...

"எழுதியவன் ஏட்டைக் கெடுத்தான்" என்பது பழமொழி. ஓலைச்சுவடியைப் பார்த்துப் படி எடுப்பவர் ஓர் எழுத்தைப் பிழையாக எழுதிவிட்டால், அதைப் பார்த்து எழுதப்படும் சுவடிகளிலெல்லாம் அப்பிழை தொடரும். 2019-ஆம் ஆண்டின் இறுதியில் தோன்றி உலகையே முடக்கிய கொரோனா வைரஸின் வரலாறும் இத்தகைய எழுத்துப் பிழைகளின் வரலாறே. எப்படி என்று பார்ப்போமா?

முப்பதாயிரம் எழுத்துச் சுவடி

கோவிட்-19 நோயை உண்டாக்கும் வைரஸின் மரபுச் செய்தி, ஆர்.என்.ஏ. என்னும் ஒற்றை இழையில் அமைந்துள்ளது. ஏ, யூ, ஜி, சி என்னும் நான்கே எழுத்துகள் அதில் ஏறத்தாழ 29,900 இடங்களில் வரிசையாக நிற்கின்றன. வைரஸ் தனித்துப் பெருக இயலாது. நமது செல்லுக்குள் புகுந்து, அங்கேதான் தன் இழையைப் படி எடுக்கிறது. அப்போது ஏதேனும் ஓர் எழுத்து மாறிவிட்டால் அதுவே சடுதிமாற்றம்.

கொரோனா வைரஸிடம் பிழை திருத்தும் நொதி ஒன்று உண்டு. ஆகவே இன்ஃப்ளுயன்சா வைரஸைவிட இது குறைவாகவே பிழை செய்கிறது. ஆயினும் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் பரவிச் செல்லும் வழியில், மாதத்திற்குச் சுமார் இரண்டு மாற்றங்கள் இதில் சேர்ந்துவிடுகின்றன.

எல்லாப் பிழையும் ஒன்றா?

இல்லை. மூன்று எழுத்துகள் சேர்ந்த ஒரு 'சொல்' ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும். அமினோ அமிலங்களைக் கோத்த மாலையே புரதம். வைரஸின் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் முள் புரதத்தில் 1,273 அமினோ அமிலங்கள் உள்ளன. அவற்றுள் 614-ஆம் இடத்திற்குரிய சொல் ஜிஏயூ. இதன் பொருள் அஸ்பார்ட்டிக் அமிலம். கடைசி எழுத்து மாறி ஜிஏசி ஆனாலும் பொருள் அதேதான், புரதம் மாறாது. நடு எழுத்து மாறி ஜிஜியூ ஆனாலோ, அங்கே கிளைசின் வந்து அமரும். வேறு சில பிழைகள் புரதத்தைப் பாதியிலேயே நிறுத்திவிடும். இன்றியமையாத புரதமாயின், அந்த வைரஸ் பெருக வழியின்றி அழியும்.

தேர்ந்தெடுப்பது யார்?

மேலே கூறிய கிளைசின் மாற்றம் உண்மையில் நிகழ்ந்தது. 2020-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அரிதாக இருந்த அது, சில மாதங்களில் உலகெங்கும் பரவிவிட்டது. அதைப் பெற்ற வைரஸ் செல்லுக்குள் எளிதாகப் புகுந்ததே காரணம். வைரஸ் இதைத் திட்டமிட்டதா? இல்லவே இல்லை! பிழை தற்செயலாக நேர்கிறது. மிகுதியாகப் பரவும் வகை நிலைக்கிறது. டார்வின் கூறிய இயற்கைத் தேர்வு இதுதான்.

சூழல் மாறினால் தேர்வும் மாறும். 2021 நவம்பரில் தென்னாப்பிரிக்காவிலும் போட்ஸ்வானாவிலும் ஒமிக்ரான் வகை கண்டறியப்பட்டது. அதன் முள் புரதத்தில் மட்டும் 30-க்கு மேற்பட்ட மாற்றங்கள்! அதற்குள் பலர் நோய் கண்டோ, தடுப்பூசி பெற்றோ எதிர்ப்பொருள்களை உடலில் உண்டாக்கியிருந்தனர். பழைய முள்ளை அறிந்திருந்த எதிர்ப்பொருள்களுக்கு, உருமாறிய முள் எளிதில் பிடிபடவில்லை. எனவே ஒமிக்ரான் முந்திக்கொண்டது. தடுப்பூசிகள் அப்போதும் கடும் நோயைப் பெரிதும் தடுத்தன. ஆயினும் அவற்றைப் புதுப்பிக்க வேண்டியதாயிற்று.

வைரஸ் நாளடைவில் தானே சாதுவாகிவிடும் என்று சிலர் கருதுவர். அப்படி விதி எதுவும் இல்லை. 2021-இல் பரவிய டெல்டா வகை, முந்தைய வகைகளைவிடக் கடுமையாகவே தாக்கியது. பிழைகளை நாம் நிறுத்த முடியாது. ஆனால் அவை நேரும் வாய்ப்பைக் குறைக்க முடியும். ஒருவர் நோயின்றித் தப்பினால், அவர் உடலில் எடுக்கப்பட்டிருக்கக் கூடிய கோடிக்கணக்கான படிகளும் தவிர்க்கப்படுகின்றன அல்லவா?

நீங்களே விடை காணுங்கள்: ஜிஏயூ என்ற சொல்லின் கடைசி எழுத்து ஏ என்று மாறினால் எந்த அமினோ அமிலம் கிடைக்கும்?

(விடை: குளூட்டாமிக் அமிலம்)