இருப்பே முதல்

கர்நாடக மாநிலத்தில் கோலார் தங்கவயல் என்று ஓர் ஊர் உள்ளது. அங்கே தமிழ் பேசும் மக்கள் ஏராளம். அவர்களின் முன்னோர்கள் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்ய வந்தவர்கள். பூமிக்குள் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கித் தங்கம் எடுத்தார்கள். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி அந்தச் சுரங்கம் மூடப்பட்டது.

இப்போது ஊர் மக்கள் பலர் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். சுமார் 100 கிலோமீட்டர் தூரம். விடியும் முன்பே ரயில் ஏறுகிறார்கள். இருட்டிய பிறகுதான் திரும்புகிறார்கள்.

அந்த ஊரில் ஒரு சிறிய மளிகைக் கடை. அதன் கதையைத்தான் இந்தப் பாடத்தில் படிக்கப் போகிறோம்.

கடன் வாங்கலாமா?

கடையை ஒரு பெண் நடத்தி வந்தார். சுரங்கம் மூடிய பிறகு அவருடைய மாமனார் வைத்த கடை அது. மாமனார் காலமாகிவிட்டார். மாமியார் கடைக்குத் துணையாக இருந்தார்.

வியாபாரம் நாளுக்கு நாள் குறைந்தது. வேலைக்குப் போகிறவர்கள் பெங்களூரிலேயே சாமான் வாங்கினார்கள். பை நிறையச் சுமந்துகொண்டு ரயிலில் வந்தார்கள்.

"நம் கடையில் சரக்கு போதவில்லை. அதனால்தான் ஆட்கள் வருவதில்லை" என்று கடைக்கார அம்மா நினைத்தார். 20,000 ரூபாய் கடன் வாங்க முடிவு செய்தார். வட்டிக்காரர் நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டி கேட்டார்.

மாதம் 600 ரூபாய் வட்டி. வருடத்துக்கு 7,200 ரூபாய். அசல் அப்படியே நிற்கும்.

அன்று மாலை பக்கத்துத் தெருப் பெண் ஒருவர் வந்தார். "அக்கா, ஒரு கிலோ வெல்லம் வேணும்" என்றார்.

"வெல்லம் இல்லையேம்மா" என்றார் கடைக்கார அம்மா. அந்தப் பெண் திரும்பிப் போனார்.

சற்று நேரத்தில் மாமியார் ரவை மூட்டையை நகர்த்தினார். அதற்குப் பின்னால் ஒரு டின் இருந்தது. அதில் 3 கிலோ வெல்லம் இருந்தது!

"வீட்டுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியல. வெளியில போய்க் கடன் கேட்கிறியே!" என்றார் மாமியார்.

கடைக்கார அம்மாவுக்குச் சுருக்கென்றது. அவர் வட்டிக்காரரிடம் போகவில்லை.

எண்ணிப் பார்த்தார்கள்

ஞாயிற்றுக்கிழமை மதியம் கடையைச் சாத்தினார்கள். ஒவ்வொரு பொருளையும் எடுத்து எண்ணினார்கள். கடைக்கார அம்மா எழுத்தறிவு மையத்தில் எழுதப் படித்தவர். ஒரு நோட்டில் கோடு போட்டு எழுதினார். பொருளின் பெயர், எத்தனை இருக்கிறது, வாங்கிய விலை, காலாவதி தேதி. எல்லாவற்றையும் எழுதினார்.

கேழ்வரகு மாவு 12 பொட்டலம் இருந்தது. குளியல் சோப்பு 18 இருந்தது. 7 பிஸ்கட் பாக்கெட்டுகள் காலாவதி ஆகியிருந்தன. அவற்றை விற்கக் கூடாது என்று தனியே எடுத்துப் போட்டார்கள்.

கடைசியில் கூட்டிப் பார்த்தார்கள். 34,000 ரூபாய்க்கு மேல் சரக்கு இருந்தது! அத்தனையும் கைப்பணம் போட்டு வாங்கியது. அலமாரியில் தூங்கிக் கொண்டிருந்தது.

ஊருக்குத் தெரிய வேண்டும்

சரக்கு இருந்தால் போதாது. இருப்பது மற்றவர்களுக்குத் தெரிய வேண்டும். கடை வாசலில் ஒரு கரும்பலகை மாட்டினார்கள். 'இன்று கடையில் இருப்பவை' என்று எழுதினார்கள். கீழே பத்துப் பொருளின் பெயரும் விலையும் எழுதினார்கள். தெருக்காரர்களின் கைப்பேசிகளுக்கும் அதையே செய்தியாக அனுப்பினார்கள்.

ஆனால் வேலைக்குப் போகிறவர்கள் எப்போது வந்து வாங்குவார்கள்? இரவு களைத்து வருகிறார்கள். நின்று வாங்க நேரம் இல்லை.

அப்போது கடைக்கார அம்மாவுக்கு ஊரடங்கு நாட்கள் நினைவுக்கு வந்தன. கொரோனா நோய் பரவியபோது, 2020ஆம் ஆண்டு மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு இருந்தது. அப்போது பல மளிகைக் கடைகள் போனிலேயே பட்டியல் வாங்கின. சாமான்களைக் கட்டி வைத்தன. மக்கள் வந்து எடுத்துப் போனார்கள். இவரும் அப்படிச் செய்தவர்தான். நோய் போனதும் அந்த வழக்கமும் போய்விட்டது.

"அதையே இப்போதும் செய்தால் என்ன?" என்று யோசித்தார்.

மதியம் 3 மணிக்குள் போனில் பட்டியல் சொல்ல வேண்டும். சாமான்களைப் பையில் போட்டு, பெயர்ச் சீட்டு ஒட்டி வைப்பார்கள். இரவு 10 மணிக்குள் வந்து எடுத்துக் கொள்ளலாம். இதுதான் ஏற்பாடு.

வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க ஆள் வேண்டாம். வண்டிச் செலவும் இல்லை. ரயில் நிலையத்திலிருந்து வரும் வழியில் கடை. மக்களுக்கும் சுமை குறைந்தது. பையை எடுக்க வந்தவர்கள் "அப்படியே ஒரு தீப்பெட்டி கொடுங்க, கால் கிலோ வெங்காயம் போடுங்க" என்று வேறு பொருளும் வாங்கினார்கள்.

ஒரு தவறு

ஒரு நாள் ஒரு பெண் கேழ்வரகு மாவு சொல்லி வைத்திருந்தார். அன்று கடையில் 2 பொட்டலம்தான் மீதி. மாலையில் வேறு ஒருவர் வந்து கேட்டார். மாமியார் இரண்டையும் விற்றுவிட்டார்.

இரவு அந்தப் பெண் வந்தார். மாவு இல்லை. "மாமனாருக்கு சர்க்கரை வியாதி அக்கா. ராத்திரி களிதான் சாப்பிடுவார். உங்களை நம்பித்தான் வேற எங்கேயும் வாங்காம வந்தேன்" என்றார். மேலே ஒன்றும் பேசாமல் நடந்தார்.

கடைக்கார அம்மாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் டவுனுக்குப் போய் மாவு வாங்கினார். அந்தப் பெண்ணின் வீட்டுக்கே போய்க் கொடுத்தார். "தப்பு எங்க மேலதாம்மா" என்றார்.

அன்றே நோட்டில் ஒரு கட்டம் கூடியது. பட்டியல் வந்தவுடன் அதில் எழுதுவார்கள். பொருளை உடனே தனியே எடுத்து வைப்பார்கள்.

பொருள்: கேழ்வரகு மாவு. இருப்பு: 12. எடுத்து வைத்தது: 2. விற்கக் கூடியது: 10.

பொருள்: குளியல் சோப்பு. இருப்பு: 18. எடுத்து வைத்தது: 3. விற்கக் கூடியது: 15.

பொருள்: வெல்லம். இருப்பு: 3 கிலோ. எடுத்து வைத்தது: 1 கிலோ. விற்கக் கூடியது: 2 கிலோ.

கடைசிக் கட்டத்தில் இருப்பதை மட்டுமே மற்றவர்களுக்கு விற்கலாம். சொன்ன சொல் தவறினால் ஒரு பொட்டலம் மாவு மட்டும் போவதில்லை. ஒரு வாடிக்கையாளரின் நம்பிக்கையும் போய்விடும்.

கடைக்கார அம்மா ஒரே நாளில் பணக்காரர் ஆகிவிடவில்லை. ஆனால் கடன் வாங்கவில்லை. மாதம் 600 ரூபாய் வட்டி மிச்சம். எந்தப் பொருள் சீக்கிரம் தீர்கிறது என்று நோட்டு சொல்கிறது. விற்ற பணத்தில் அதை மட்டும் கூடுதலாக வாங்குகிறார். வெல்லம் கேட்டுத் திரும்பிப் போன பெண்ணும் இப்போது இரவில் பை எடுக்க வருகிறார்.

நினைவில் கொள்வோம்

1. வாரம் ஒரு முறை சரக்கை எண்ணி எழுத வேண்டும்.

2. முதலில் காலாவதி ஆகும் பொருளை முன்னால் வைக்க வேண்டும். அதை முதலில் விற்க வேண்டும்.

3. பாக்கெட்டில் அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் வாங்கக் கூடாது.

4. ஒருவருக்கு எடுத்து வைத்ததை மற்றவருக்கு விற்கக் கூடாது.

5. கைப்பேசியில் யுபிஐ வழியாகப் பணம் வாங்கும்போது ரகசிய எண்ணை அழுத்தத் தேவையில்லை. பணம் கொடுப்பவர்தான் அழுத்த வேண்டும். "பணம் வரும், ரகசிய எண்ணைப் போடுங்கள்" என்று யாராவது சொன்னால் ஏமாறாதீர்கள்.

கணக்குப் போடுவோம்

ஒரு கடையில் 25 சோப்பு இருக்கிறது. 9 சோப்பை எடுத்து வைத்தார்கள். 6 சோப்பை விற்றார்கள். இன்னும் எத்தனை சோப்பை விற்கலாம்?

பேசுவோம்

உங்கள் ஊரில் வேலைக்குப் போகிறவர்கள் எப்போது வீடு திரும்புகிறார்கள்? அந்த நேரத்தில் எந்தக் கடை திறந்திருக்கிறது?

செய்து பார்ப்போம்

உங்கள் வீட்டு அலமாரியில் உள்ள ஐந்து பொருள்களின் பெயரையும் அளவையும் எழுதுங்கள். இருப்பதை மறந்து மீண்டும் வாங்கிய பொருள் உண்டா என்று பாருங்கள்.