வருமான வரி குறைந்தால் நம்ம வீட்டுக்கு என்ன மிச்சம்?

2025 பிப்ரவரி 1-ம் தேதி மத்திய பட்ஜெட் வந்ததும் எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு: "12 லட்சம் வரைக்கும் வரியே கிடையாதாம்!" சரி, கணக்குப் போட்டுத்தான் பார்ப்போமே என்று உட்கார்ந்தேன்.

புதிய முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10. ஆக 12 லட்சத்துக்கு 60,000 ரூபாய். அதை அப்படியே தள்ளுபடி செய்துவிடுகிறார்கள். முந்தைய ஆண்டின் புதிய முறைப்படி இதே வருமானத்துக்கு வரி 80,000 (செஸ் தனி). அத்தனையும் மிச்சம். 24 லட்சம் வாங்குகிறவருக்கோ மிச்சம் 1,10,000!

7 லட்சம் வாங்குகிறவருக்கு? பூஜ்யம். 2023 பட்ஜெட்டிலேயே அவருக்கு வரி போய்விட்டது. எங்க முட்டுக்காட்டில் வலை இழுக்கிறவருக்கும் பூஜ்யம்தான். டிப்ளமா முடித்து நாம் வாங்கப்போகிற முதல் சம்பளமும் (கிடைத்தால்!) இந்த வரிசையில்தான் நிற்கும்.

"வரியே கட்டாதவங்களுக்கு எதுக்குய்யா சலுகை?" என்பீர்கள். கட்டாமல் என்ன? சோப்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் எல்லாவற்றிலும் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. இருந்தது. 24 லட்சக்காரருக்கும் அதே சோப்பு, அதே வரி. 2025 செப்டம்பர் 22 முதல் அது 5 சதவீதமானது. என் கணக்கில் வலைக்காரர் வீட்டைத் தொட்ட சீர்திருத்தம் இதுதான். வரிக்கு முன் மாதம் 300 ரூபாய்க்கு இந்தச் சாமான்கள் வாங்கினால் 39 ரூபாய் மிச்சம், வருஷத்துக்கு 468. அதுவும் கடைக்காரர் விலையைக் குறைத்தால்!